உதயகுமாரி கைவிட்ட சிரிப்பு

ஒஸ்லோவின் நடுப்பகுதியில் இருந்த ஒரு சுஷிக் கடையில் அரிசி கழுவியவர், வெந்த சோற்றில் வினாகிரி விட்டு விசிறியால் ஆற்றியவர், சால்மன் மீனை முள்ளெடுத்துப் பதமாக வெட்டியவர் உதயகுமாரி. சாப்பிட வந்தவர்களில் ஒருவர்கூட அவர் முகத்தைக் கண்டதில்லை. முன்புறக் கவுண்டரில், எல்லோரும் பார்க்க நின்று சோற்றை உருட்டி மேலே மீனை வைத்துச் சுஷி செய்தவர்கள் வேறு இருவர். ஒருவர் ஜப்பானின் ஒசாக்காவிலிருந்து நோர்வேஜியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்த நொரிகோ. மற்றவர் ஒரு வியட்நாமியர். முன்னால் நிற்பவருக்குச் சுஷிக்காரர் என்று பெயர். பின்னால் நிற்பவர் எத்தனை வருடம் நின்றாலும் உதவியாள்தான்.

2007 இலையுதிர் காலத்தில் வியட்நாமியர் சொந்தக் கடை போடப் போய்விட்டார். அந்த இடத்தை உதயகுமாரி வாய்விட்டுக் கேட்டார். முதலாளி ஸ்தைனர் சமையலறைக்கு வந்து பதில் சொன்னார்.

"உங்களைவிட நன்றாகச் செய்ய இங்கே ஆளில்லை. ஆனால் இங்கே வருகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வருகிறார்கள். அந்தச் சூழல் கெடக்கூடாது. மாரிசெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ் மாணவி வருகிறாள். மீன் வெட்டத் தெரியாது, நீங்கள்தான் பழக்கவேண்டும். புரிகிறதுதானே?"

பிலிப்பைன்ஸ் எப்படி ஜப்பான் ஆனது என்று உதயகுமாரி கேட்கவில்லை. மனிதரின் தொழிலை அவர்களின் கண் வடிவத்தை வைத்துப் பங்கிடுவதற்கு அந்தக் கடையில் 'சூழல்' என்று பெயர். அவர் செய்தது ஒன்றுதான். சிரித்தார்.

அது யாழ்ப்பாணத்தில் பழகிய சிரிப்பு. பள்ளி அதிபருக்கு முன்னால், கச்சேரி என்ற அரச அலுவலகத்தின் கிளாக்கருக்கு முன்னால், சோதனைச் சாவடியில் துவக்குக்கு முன்னால் பழகியது. 'எனக்குச் சம்மதமில்லை, ஆனால் சொல்லமாட்டேன்' என்பது அதன் பொருள். நம்மவர் எல்லோருக்கும் அது விளங்கும். நோர்வேஜியருக்கு விளங்காது. சிரித்தால் சம்மதம் என்றுதான் அவர்கள் எடுப்பார்கள். ஸ்தைனர் கைகொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மீன் வெட்டும் கத்தியோடு சமையலறை வாசலில் நின்ற நொரிகோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஏன் இப்ப ஹெரஹெர எண்டு சிரிச்சனீர்?"

"என்னது?"

"ஜப்பான் மொழியிலை ஒவ்வொரு சிரிப்புக்கும் இப்பிடி ஒரு இரட்டைச் சொல்லு இருக்கு." நொரிகோ முகத்தை மலர்த்திக் காட்டினார். "இது நிக்கோநிக்கோ. மனசு நிறைஞ்ச சிரிப்பு." ஒரு பக்க உதட்டை இழுத்தார். "இது நியாநியா. உள்ளுக்கை ஏதோ கள்ளம் வைச்சிருக்கிறவன்ரை சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சால் குசுகுசு."

"குசுகுசு எண்டால் எங்களுக்குக் காதுக்கை கதைக்கிறது!" உதயகுமாரிக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "எங்களிட்டையும் இருக்கு. கலகல, களுக், குபீர்."

"அதெல்லாம் சத்தம். சத்தமே இல்லாத சிரிப்புக்கு?"

உதயகுமாரி யோசித்தார். "பளிச்செண்டு சிரிச்சா எண்டு சொல்லுவம்."

"சரி, அது எங்கடை நிக்கொரி. இப்ப நீர் சிரிச்சது?"

அதற்கு உதயகுமாரியிடம் சொல் வரவில்லை. நொரிகோ கத்தியைக் கீழே வைத்தார்.

"கோபம் வரவேண்டிய இடத்திலை, மற்றவனைச் சமாளிக்கச் சிரிக்கிறது ஹெரஹெர. ஒசாக்கா ஒஃபிசிலை ஆம்பிளையளுக்கு நானும் அப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்தினனான். அதுதான் கண்டவுடனை பிடிச்சுப்போட்டன்."

அன்று மாலை, ஒஸ்லோவின் புறப்பகுதியான குரோருட்டில் இருந்த வீட்டில், சாப்பாட்டு மேசையில் உதயகுமாரி கதையைச் சொன்னார். கணவர் குலேந்திரன் பேருந்து ஓட்டுபவர்; வம்புக்குப் போகாதவர்.

"விடுமப்பா. வேலை இருக்குத்தானே. முதலாளியோடை முகத்தை முறிச்சு என்ன காணப்போறீர்?"

"முகத்தை முறிக்கேல்லை. சிரிக்காமல் விடப்போறன்."

"அது டிஸ்கிரிமினேரிங், அம்மா," என்றாள் மகள் வர்சா. பாரபட்சத்துக்கு அவள் பள்ளியில் படித்த சொல் அது. "ஆனா அந்த ஹெரஹெர ஆர் தெரியுமே? அப்பாதான். கோயில் தலைவர் சிவானந்தன் மாமா வந்து கோபுரத்துக்குக் காசு கேக்கேக்கை அப்பான்ரை முகத்தைப் பாக்கோணும்!"

"கதையை விட்டிட்டுச் சாப்பிடு," என்று சொல்லிக் குலேந்திரன் சிரித்தார்.

"பாத்தீங்களே, அதேதான்!"

மறுநாள் கடை திறக்குமுன் உதயகுமாரி ஸ்தைனரின் அறைக்குப் போனார்.

"நேற்று நான் சிரித்ததை நீங்கள் ஓம் என்று எடுத்தீர்கள். அது ஓம் இல்லை."

ஸ்தைனர் கதிரையில் சாய்ந்தார். "அட, நான் உங்களை ஒஸ்லோவிலேயே மிக இனிமையான பெண் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்!" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காத்திருந்தார்.

உதயகுமாரியின் கன்னம் தானாக இழுத்தது. வாழ்நாள் முழுக்க இழுத்துப் பழகிய தசை. பல்லை இறுகக் கடித்து அதை அடக்கினார்.

"மாரிசெல்லைப் பழக்குவேன்," என்றார். "அந்தப் பிள்ளையில் பிழையில்லை. ஆனால் கவுண்டரில் நின்றுதான் பழக்குவேன். எனக்குப் பக்கத்தில் அவள் நிற்கட்டும். பின்னால் ஒளித்துவைத்துப் பழக்கமாட்டேன். என் முகத்தைக் காரணம் காட்டி இடம் இல்லையென்றால், அதை எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். தொழிற்சங்கத்திலும் சொல்லுங்கள்."

ஸ்தைனர் பேனாவை உருட்டினார். யன்னலைப் பார்த்தார். பிறகு அவர் உதடு மெல்ல விரிந்தது, பல் தெரிந்தது, கண்ணில் மட்டும் ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பின் பெயர் உதயகுமாரிக்கு இப்போது தெரியும்: ஹெரஹெர. அதை ஒரு நோர்வேஜியரின் முகத்தில் அவர் கண்டது அதுதான் முதல் தடவை.

"கொஞ்ச நாள் பார்ப்போம்," என்றார் ஸ்தைனர்.

திங்கட்கிழமை மதியம் உதயகுமாரி கவுண்டரில் நின்றார். ஒரு பக்கம் நொரிகோ, மறுபக்கம் மாரிசெல். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்து, "நீங்கள் ஜப்பானியரா?" என்று கேட்டார்.

"இல்லை. இலங்கைத் தமிழர். மீன் நோர்வே மீன்."

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். சூழல் கெடவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை. சிறிது நேரத்தில் இன்னொரு தட்டுக் கேட்டார்.

ஸ்தைனர் பின்னால் வந்து மெல்லச் சொன்னார்: "நன்றாகப் போகிறது. வாடிக்கையாளரைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தால் இன்னும் நல்லது."

"சிரிப்பு வரும்போது சிரிப்பேன்," என்று சொல்லிவிட்டு, உதயகுமாரி அடுத்த மீன் துண்டை எடுத்து, கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்கவேண்டும் என்று மாரிசெல்லுக்குக் காட்டத் தொடங்கினார்.