பாய்மரக் கப்பலில் ஓர் அமாவாசை

தொண்ணூறுகளின் நடுவில், என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் எங்களைக் கேட்காமலேயே ஒரு சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். பாய் விரித்து ஓடும் சின்னக் கப்பல். மயிலாப்பூரிலேயே காலம் தள்ளிய நாங்கள் அதுவரை நெருங்கிப் பார்த்த மிதவை, கபாலி கோயில் தெப்பம்தான். அதிலும் ஏறியதில்லை.

கிளம்புவதற்குள் வீடு அமர்க்களப்பட்டது. நான் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டினேன். அவர் காலண்டரை வைத்துக்கொண்டு, புறப்படும் நாளுக்கு ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்தார். திரும்பும் நாளுக்கும் பார்த்தார். நடுவில் இருந்த நாட்களை இருவருமே பார்க்கவில்லை. கப்பலில் சும்மா உட்கார்ந்திருக்கப்போகிற நாளுக்கு என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டோம்.

கப்பல் அத்தனை அழகு. பித்தளைக் கைப்பிடிகள் பளபளத்தன, பயணிகளைவிடப் பணியாட்கள் அதிகம் போலத் தோன்றியது. சாயங்காலம் பாய் ஏற்றும்போது, விருப்பமுள்ளவர்கள் வந்து கயிறு இழுக்கலாம் என்றார்கள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் போய் இழுத்தேன். வெள்ளைப் பாய்கள் ஒவ்வொன்றாக மேலேறிக் காற்றில் புடைத்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நினைக்கிறார் என்று தெரியும். என் மாமனார் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மகனைச் சாந்தோம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தூரத்தில் நிற்கும் கப்பல்களைக் காட்டி, எது எந்த ஊர்க் கப்பல், என்ன சரக்கு என்று சொல்லுவாராம். ஆயுசு முழுக்கக் கப்பல்களோடு கிடந்த மனிதர், பயணியாக ஒன்றில்கூட ஏறியதில்லை.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டின்போது கேப்டன் வந்து, நாளைக்கு நிலா இருக்காது, நட்சத்திரம் பார்க்க மேல்தளத்துக்கு வாருங்கள் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது.

"நாளைக்கு அமாவாசைடி."

"ஏன்னா, ராகுகாலம் பாத்தேளே, இதப் பாக்கலியா?"

"நீயும் பாக்கல."

மாமனார் போனதிலிருந்து ஒரு அமாவாசைத் தர்ப்பணம்கூட அவர் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து உட்கார்ந்து செய்தவர். இப்போது முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது.

தர்ப்பைக் கட்டு அவர் பையில் எப்போதும் இருக்கும். ரொட்டி மேல் தூவ வைத்திருந்த கறுப்பு எள்ளைச் சமையற்காரர் கொடுத்தார். தாம்பாளத்துக்கு ஒரு பெரிய வெள்ளித் தட்டு கிடைத்தது. அதில் முதல் நாள் இறால் வந்ததை நான் பார்த்திருந்தேன். சொன்னால் கதை கந்தலாகிவிடும். மூன்று தரம் தேய்த்துக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது தெற்குத் திசை. காலையில் கேப்டனைப் போய்க் கேட்டார். கேப்டன் கையை நீட்டிக் காட்டினார். ஆனால் காற்றைப் பிடித்து ஓடும் கப்பல் நேராகப் போகாது, இன்னும் சற்று நேரத்தில் திருப்பவேண்டும், அப்போது தெற்கு உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும் என்றார். என் கணவர் தன் வங்கி இங்கிலீஷில், செத்துப்போன அப்பாவுக்கும் அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் கொடுக்கவேண்டும், அவர்களைத் தெற்கே பார்த்துத்தான் கூப்பிடவேண்டும் என்று விளக்கினார். கேப்டன் குறுக்கே பேசாமல் கேட்டார். நீங்கள் முடிக்கும்வரை திருப்பமாட்டேன், இன்று இறங்கவேண்டிய தீவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவோம் என்றார்.

பின்தளத்தில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். தர்ப்பையில் முடிந்த கூர்ச்சத்தைத் தட்டில் வைத்து, அதில் பித்ருக்களை வந்து இருக்கும்படி மந்திரம் சொல்லி அழைத்தார். நான் சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தேன். கப்பல் சாய்ந்து ஓடியதால் தண்ணீர் தட்டின் ஒரு பக்கமாகவே ஒதுங்கியது. நடுவில் காற்று குறைந்து பாய் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. மாலுமிகள் கயிற்றைப் பிடித்தபடி கேப்டனைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா வழி என்று எல்லோருக்கும் விட்டாயிற்று. எழுந்து நமஸ்காரமும் செய்தார். கடைசியாக ஒன்றுதான் பாக்கி. யதாஸ்தானம் சொல்லி, வந்தவர்களை அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூர்ச்சத்தை அவிழ்க்கவேண்டும். வீட்டில் என்றால் இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு இலையில் உட்கார்ந்துவிடுவார். இங்கே சும்மா இருந்தார். தலைக்கு மேலே பாய்கள் நிறைந்து நின்றன.

"ஏன்னா, யதாஸ்தானம் சொல்லலியே. மறந்துட்டேளா?"

"மறக்கல."

"அவா காத்துண்டிருக்கா."

அவர் தட்டிலிருந்த கூர்ச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இருடி. அப்பா இப்பத்தானே ஏறியிருக்கார். சித்த நாழி இருந்துட்டுப் போகட்டும்."

நான் கேப்டன் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச நேரம் என்று கைகாட்டினேன்.