மெட்ராஸ் ஐ வந்த செமஸ்டர்

எம்.எஸ்சி.யில் நான் எடுத்த சிறப்புப் பாடத்தின் பெயர் 'சிஸ்டம்ஸ் மாடலிங்'. அதில் 'சிஸ்டம்ஸ்' என்ற பாதியை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. 'மாடலிங்' மட்டும் பம்மல் முழுக்கப் பரவிவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நம் ஊர்ப் பெண்கள் உலக அழகிப் பட்டம் வாங்கி, பத்திரிகை அட்டைகளில் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் அண்ணி, பொண்ணு மாடலிங் படிக்குதாமே? அண்ணன் எப்படி ஒத்துக்கிச்சு?"

அம்மா எட்டி என்னைப் பார்த்தாள். நான் தலைக்கு எண்ணெய் வழிய வழியப் பூசிக்கொண்டு, என் அண்ணனுடைய பழைய சட்டையில் உட்கார்ந்திருந்தேன். "இவளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் வெகுநேரம் நிறுத்தவில்லை.

"அது கம்ப்யூட்டர்ல பண்றது அத்தை" என்றேன். "மழை, டிராபிக், கூட்டம் இந்த மாதிரி பெரிய சமாச்சாரத்தையெல்லாம் சின்னதா கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சு பாக்கிறது. எதை மாத்தினா என்ன ஆகும்னு அங்கேயே தெரிஞ்சுடும்."

அத்தை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் தண்ணீரைக் குடித்தாள்.

உண்மையைச் சொன்னால், சேர்ந்தபோது எனக்கும் அதற்கு மேல் தெரியாது. பி.எஸ்சி.யில் கணிதம் படித்திருந்தேன். தாம்பரத்தில் நாங்கள் படித்த கல்லூரியில் அந்தப் பாடம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நடத்தியவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு மேடம். முதல் வாரமே அவர் கரும்பலகையை விட்டுவிட்டு எங்களைத் துறைக்குப் பின்னால் இருந்த விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஜூனியர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கை இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்க வைத்தார்.

"ரூல் மூணே மூணுதான்" என்றார். "உன் பக்கத்துல, முன்னால, பின்னால யாராவது உக்காந்திருந்தா, அடுத்த கைதட்டலுக்கு நீ உக்காரணும். அதுக்கு அடுத்த தட்டலுக்கு எழுந்துடணும். எழுந்த உடனே ஒரு தட்டலுக்கு யார் உக்காந்தாலும் நீ உக்காரக் கூடாது. அவ்வளவுதான்."

நடுவில் நின்ற ஒருவனை மட்டும் உட்காரச் சொல்லிவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்தோம், எழுந்தோம், தப்புத்தப்பாகச் செய்து சிரித்தோம். திடீரென்று மேடம் என் பெயரைச் சொல்லி, "மாடிக்குப் போய்ப் பாரு" என்றார்.

மாடி வராந்தாவிலிருந்து குனிந்து பார்த்தேன். கீழே ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது. குளத்தில் கல்லைப் போட்டால் விரியுமே, அதே மாதிரி. வளையம் போடுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வளையம் வந்தது. எனக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்தது. "வளையம்! வளையம் தெரியுது!" என்று மேலிருந்து கத்தினேன். எல்லோரும் ஆளாளுக்கு மாடிக்கு ஓடி வர, கீழே வளையம் காட்ட ஆளே இல்லாமல் போயிற்று.

அன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தவள்தான் பிறகு என் ப்ராஜெக்ட் தோழி ஆனாள். பல்லாவரத்துக்காரி. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவும் சித்தப்பாவும் தோல் செருப்பு வியாபாரத்தில் இருந்தார்கள். அவள் வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக ப்ரோக்ராம் எழுதுவாள். நான் படம் போடுவேன், யோசனை சொல்வேன், எழுதும்போது எங்காவது ஓர் அரைப்புள்ளியை விட்டுவிடுவேன், ப்ரோக்ராமைச் சரிபார்க்கும் கம்பைலர் அதை ஏற்காது. "உனக்குக் கற்பனைக்கு நூறு மார்க், கம்பைலருக்கு முட்டை" என்பாள்.

எங்களுக்கு முதலில் கிடைத்த ப்ராஜெக்ட், வங்கியில் காசோலை மாற்ற வருபவர்களின் வரிசை. இருவருக்குமே அதில் ஈடுபாடு இல்லை. நோட்டில் அம்புக்குறிகள் போட்டுப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தின் ஆரம்பத்தில் மெட்ராஸ் ஐ வந்தது. ஒரு திங்கட்கிழமை தோழி கறுப்புக் கண்ணாடியோடு வகுப்பு வாசலில் நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பார்த்தா வராதுடி, தொட்டாத்தான் வரும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்கவில்லை. மேடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் ஆறி வருவதற்குள் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. திரும்பி வந்தவள் அந்தக் காலிப் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏய், அன்னிக்கு கிரவுண்ட்ல நாம பண்ணினதுதானே இது? உக்காந்தா கண்ணு சிவக்குது. எழுந்தா ஆறிடுது. அப்புறம் கொஞ்ச நாளைக்கு வராது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே மூன்று விதிகள். இருவரும் மேடத்தின் அறைக்கு ஓடினோம். வங்கி வரிசையை விட்டுவிட்டு இதைச் செய்கிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னோம்.

"செய்யுங்க" என்றார். "ஆனா ஸ்கிரீன்ல வர்றது நிஜத்தோட ஒத்துப்போகணும். இல்லேன்னா அது வெறும் கோலம்."

நிஜத்தைத் தேடி நான் பம்மலில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் வீடு வீடாகப் போனேன். அவள் பல்லாவரத்தில் போனாள். வரைபடத் தாளில் வீட்டுக்கு ஒரு கட்டம். கண் வந்த வீட்டுக்குச் சிவப்புப் பென்சில், எப்போது வந்தது என்று ஓரத்தில் குறிப்பு. கடைசித் தெருவின் மூலைவீட்டு அக்கா கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே, மருந்து குடுக்க வந்துகீறியா?"

"இல்லக்கா, யாருக்குக் கண்ணு வந்துச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"கேட்டுக்கினு போயி?"

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பேன்."

"நல்லா பாரு. எங்க வூட்ல அல்லாருக்கும் கீது. அதுக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு, கண்ணால பாத்தாலே தெரியுதே!"

இதைத் தோழியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு போடக் கூடாது. வாசலில் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் பாதம் சில்லிட உள்ளே போவோம். எங்கள் முறை வரும்போது இருவருக்கும் ஒரே நாற்காலிதான் கிடைக்கும். கறுப்புத் திரையில் நலமாக இருப்பவர்களுக்குப் புள்ளி, கண் வந்தவர்களுக்கு நட்சத்திரம், ஆறியவர்களுக்கு வெற்றிடம் என்று வைத்திருந்தோம். நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து ஓட விட்டோம். வளையம் அழகாக விரிந்தது, ஓரத்தைத் தொட்டது, மறைந்தது.

நான் கைதட்டப் போனேன். தோழி என் வரைபடத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பம்மலில் வளையமே இல்லை. ஒரு கோடியில் சிவப்புக் கொத்து, நடுவில் வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை, மறு கோடியில் இன்னொரு கொத்து. பல்லாவரத் தாளிலும் அப்படித்தான்.

"கோலம்" என்றாள் அவள், மேடத்தின் குரலில்.

அதன்பிறகு எதை மாற்றினாலும் வளையம்தான் வந்தது. ஒட்டும் வாய்ப்பைக் கூட்டினால் பெரிய வளையம், குறைத்தால் கோணல் வளையம். ஒரு வாரம் அப்படியே போனது. பேருந்தில், சாப்பாட்டில், தலை வாரும்போது என எப்போதும் என் கண்ணுக்குள் வளையங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு மாலை அண்ணன் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்தான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. அம்மா பதறிப்போய்ப் பாய் விரித்துப் படுக்க வைத்து, நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து இமைமேல் வைத்தாள்.

எங்கள் வீட்டைச் சுற்றி எந்தக் கட்டமும் சிவப்பு இல்லை என்பது எனக்கு மனப்பாடம். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

"அண்ணா, பட்டறைல உன் பக்கத்துல யாராவது கண்ணு சிவந்து வந்தாங்களா?"

"பக்கத்து மிஷின்காரன் வந்துகினு இருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு. ஏன்?"

"அவர் வீடு எங்க?"

"குன்றத்தூர். கோயில் மலைக்குப் பின்னாடி. இப்ப அவன் வூட்டுக்குப் போய் இன்னா பண்ணப் போற நீ?"

நான் துள்ளி எழுந்துவிட்டேன். குன்றத்தூரிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து பம்மலுக்கு! ஒவ்வொருவருக்கும் இரண்டு விதமான பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒருவர், வேலைக்குப் போகிற இடத்தில் ஒருவர். பேருந்திலும் ரயிலிலும் ஏறி நோய் ஒரே தாவாகத் தாவுகிறது. இறங்கிய இடத்தில்தான் வளையம் தொடங்குகிறது. எங்கள் திரையில் இருந்த மனிதர்கள் யாரும் வீட்டை விட்டு வெளியிலேயே போகவில்லை!

"அண்ணா! நீதான்! நீதான் அது!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். பூ கீழே விழுந்தது.

"அம்மா, இவளப் பாரும்மா. எனக்குக் கண்ணு எரியுது, இவளுக்கு சந்தோஷம் தாங்கல."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கவே இல்லை.

மறுநாள் காலை தாம்பரம் ரயில் நிலைய வாசலிலேயே தோழிக்காகக் காத்து நின்று, அவள் படியிறங்கி வரும்போதே சொல்லிவிட்டேன். அவள் நடந்துகொண்டே மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டாள் என்பது உதடு அசைவதிலேயே தெரிந்தது. அறைக்குள் போனதும் நாலைந்து வரிதான் சேர்த்தாள். எல்லாப் புள்ளிகளும் பக்கத்துப் புள்ளியோடு மட்டும் பழகும். மிகச் சில மட்டும் எப்போதாவது தொலைவில் உள்ள ஒன்றோடும் பழகும்.

ஓட விட்டோம். முதலில் பழைய வளையம் மெல்ல விரிந்தது. சட்டென்று திரையின் மேல் மூலையில், யாருமில்லாத இடத்தில், ஒற்றை நட்சத்திரம். அதைச் சுற்றி ஒரு கொத்து. கீழ் மூலையில் இன்னொன்று. பிறகு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. திரை முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூத்து, நடுவில் திட்டுத் திட்டாக வெறுமை விட்டு, அப்படியே அடங்கியது. என் கையிலிருந்த தாளும் அந்தத் திரையும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

இருவரும் ஒரே நேரத்தில் வீறிட்டோம். நாற்காலி சாய்ந்தது. அறைப் பொறுப்பாளர் ஓடி வந்தார். "ஷாக் அடிச்சிடுச்சாம்மா?" என்று பயத்தோடு கேட்டவர், விஷயம் தெரிந்ததும் எங்களை வெளியே அனுப்பினார். கதவுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டும் நாங்கள் குதித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதற்குப் பிறகு அதை ஆயிரம் விதமாக ஆட்டிப் பார்த்தோம். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் பிரித்து வைத்தால் நோய் கொஞ்சம்தான் குறைந்தது. தொலைவுக்குப் போய்வரும் அந்தச் சிலர் மட்டும் கண் வந்ததும் வீட்டிலேயே இருந்துவிட்டால், பெரும்பாலான தடவை கிளம்பிய இடத்திலேயே அடங்கிவிட்டது. மேடம் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, துறைக் கருத்தரங்கில் எங்கள் பெயரைப் போட்டார்.

கருத்தரங்கன்று காலையில் எனக்கு இமை திறக்கவில்லை. பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் குணமாகி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உன் கம்ப்யூட்டர் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டுத் தன் கறுப்புக் கண்ணாடியை என்னிடம் நீட்டினான்.

போகாமல் இருந்திருக்க வேண்டும். நாங்கள் கண்டுபிடித்ததே அதுதான். ஆனால் மனசு கேட்கவில்லை. கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். மேடம் யோசித்துவிட்டு, "பஸ்ல வராத, அப்பாவோட ஸ்கூட்டர்ல வா. உள்ள வராத. வராந்தா ஜன்னல் பக்கம் நில்லு, எதையும் தொடாத" என்றார். அப்படியே அறைக்கு வெளியே ஜன்னல் ஓரம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே தோழி பிசிறில்லாமல் பேசி முடித்தாள். முன்வரிசையில் இருந்த இயற்பியல் பேராசிரியர் எழுந்தார்.

"உங்க ப்ரோக்ராமை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு விதமா வருதேம்மா. எனக்கு வருமா வராதான்னு அது சொல்லுமா? சொல்லாதுன்னா அதை வச்சு என்ன பண்றது?"

தோழி கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். அவள் கண் ஜன்னலைத் தேடியது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்களுக்கு வருமான்னு சொல்லாது சார்! யாருக்கு வரும்னு சொல்லவே முடியாது. ஆனா அது எப்படிப் போகும், எங்க பிடிச்சா நிக்கும்னு சொல்லும். நூறு தடவை ஓட்டினாலும் ஆள் மாறும் சார், வடிவம் மாறாது!"

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. கறுப்புக் கண்ணாடியோடு நின்ற என்னைப் பார்த்து முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அப்படின்னா சரி, அந்த வடிவத்தைக் காட்டுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தோழி ஒவ்வொரு தாளாக அவர் முன் விரித்தாள். தேநீர் ஆறிப்போகும் வரை அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கண் தெளிந்தபோது மழை வலுத்திருந்தது. ரயில் தாமதமான ஒரு மாலை தோழியும் என்னோடு பேருந்தில் ஏறிக்கொண்டாள். புறநகர் ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து ஒன்றின் தண்ணீர் அடுத்ததில் போய்ச் சேர்வதாகப் பேருந்தில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டோம். குடை காற்றில் மடங்கிப் போக, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏரிக்கரைச் சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஏறினோம். உபரி நீர் வழியும் கலங்கலைத் தாண்டித் தண்ணீர் பழுப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு ஏரிக்கு எத்தனை ரூல்டி?" என்று அவள் அந்த இரைச்சலில் கத்தினாள்.

"ரெண்டு போதும்னு நினைக்கிறேன்!" என்று நானும் கத்தினேன்.