தீபாவளிக்கு வந்த டிஸ்கெட்

கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக். டிஸ்கெட்டை உள்ளே தள்ளியதும் எங்கள் வீட்டுக் கணினி இப்படித்தான் சத்தம் போடும், பல் போன ஒருவர் பழைய முறுக்கை விடாப்பிடியாகக் கடிப்பதுபோல. கூடவே, சூடேறிய திரையின் முதுகுப்பக்கமிருந்து தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வறுபட்ட ஒரு வாசனை வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றின் வீட்டில் வளர்ந்த எனக்கு விஞ்ஞானம் என்றால் அந்த வாசனைதான். இன்று என் மேசையில் இருக்கும் மடிக்கணினி சத்தமும் போடாது, மணமும் வீசாது. அது வேலை செய்கிறதா, என்னை வேவு பார்க்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது.

அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பின் திரும்பி வருகிற, ஜொகூர்க்காரர்களுக்கு மட்டுமே நியாயமாகத் தோன்றும் வாழ்க்கை. அந்தத் தொழிற்சாலை பழைய கணினிகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றை வாங்கி, நண்பரின் வேனில் பின்னிருக்கையில் நோயாளியைச் சாய்த்து உட்காரவைப்பதுபோல வைத்துக் கொண்டுவந்தார். பின்னறை அதற்கு ஒதுக்கப்பட்டது. அறையின் காற்றாடி அதன் பக்கம் திருப்பப்பட்டது. நாங்கள் வியர்த்தோம், அது வியர்க்கவில்லை. சன்னல் திரை தைத்ததில் மிச்சமான பூப்போட்ட துணியில் அம்மா அதற்கு ஒரு "சட்டை" தைத்தாள். சட்டை போட்டுவிட்டால் கணினி சன்னலோடு கலந்து காணாமல் போகும். வெள்ளிக்கிழமைகளில் திரையின் நெற்றியில் திருநீறு. பல்லி, கரப்பான், வெக்கை, கண்ணேறு என்று ஒரு கணினியைத் தாக்கக்கூடியதாக நாங்கள் அறிந்திருந்த எல்லாவற்றிலிருந்தும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தோம்.

வைரஸ் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மலர் அக்கா. ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கொடுத்த டிஸ்கெட்டை வாங்கிப் போட்டதால் தோழி ஒருத்தியின் எழுத்து வேலை முழுவதும் அழிந்துபோன கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அம்மா அதைக் கிருமி என்று நினைத்துக்கொள்வாள், சோப்புப் போட்டுக் கணினியைக் கழுவுவாள் என்று நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். அம்மா என்னை ஏமாற்றிவிட்டாள். "அப்ப இது காத்துல வர்றது இல்ல. ஆளுங்க கையில கொண்டு வர்றது" என்று ஒரே வரியில் முடித்தாள். இருபத்தைந்து ஆண்டுகளில் நான் உட்கார்ந்த எந்தப் பாதுகாப்புப் பயிற்சியிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பயிற்சிகளில் சிலவற்றை நடத்தியவனே நான்தான்.

அக்கா சட்டம் போட்டாள்: வெளி டிஸ்கெட் எதுவும் வீட்டுக் கணினிக்குள் போகக்கூடாது. அப்பா தன் பங்குக்கு வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றை வாங்கி வந்தார், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், அவித்த சோளக் கடைக்குப் பக்கத்துக் கடையில். உறைமேல் மார்க்கர் பேனாவால் எண் எழுதிய திருட்டுக் குறுந்தட்டு. காவல்காரனையே திருட்டுக் கடையிலிருந்து அமர்த்தினோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. தினமும் அதை ஓடவிட்டால் பச்சை நிறத்தில் ஒரு சரி குறி வரும். அப்பா அதைப் பார்த்து, மருத்துவரிடமிருந்து நல்ல செய்தி கேட்டவர்போல மூச்சு விடுவார்.

அக்காவின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. பொந்தியான் பக்கத்து "தானா கம்புட்", அதாவது கால் வைத்தால் அமுங்குகிற அந்தக் கறுப்பு மண்ணில், போட்ட சாலை எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. மழையிலும் வெயிலிலும் அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே நின்று அளந்து வந்தவை எல்லாம் அந்தக் கணினிக்குள் இருந்தன. தீபாவளி கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளக் காத்திருந்தது. கொடுக்காவிட்டால் இன்னொரு பருவம் படிக்க வேண்டும். வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

தீபாவளி வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குக் கதவைத் திறந்துவைத்தால் மூடுவதில்லை. மலாய்க்காரர், சீனர், அப்பாவின் தொழிற்சாலை ஆட்கள், அவர்கள் கூட்டிவரும் யாரென்று தெரியாதவர்கள் என்று வருகிறவர் எல்லாரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் யார் என்று கேட்பது அநாகரிகம். அக்கா பின்னறையைப் பூட்டிச் சாவியைப் பாவாடையில் செருகிக்கொண்டாள். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு ரெங்கம் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, தோட்டத்தில் வேலை செய்து உரத்துப்போன குரலும் அதைவிட உரத்த மானமும் உள்ளவர். பொந்தியானில் இருந்த இன்னொரு தம்பி வீட்டில், இரண்டாவது முறை காப்பி வேண்டுமா என்று கேட்காமல் விட்டார்கள் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் அந்த வாசல்படியை மிதிக்காமல் இருந்தவர். கூடவே அவர் மகன் சேகரன், படிவம் ஐந்து, அதாவது பள்ளி இறுதி வகுப்பு மாணவன், சட்டைப்பையில் ஒரு டிஸ்கெட்டோடு வந்தான்.

"மலரு, கதவத் தொற. எம் மவன் கம்ப்யூட்டர்ல வெளக்கு ஏத்தக் கத்துக்கிட்டு வந்துருக்கான், பாரு" என்றார் அத்தை.

குளுவாங்கில் ஏதோ ஒரு கணினிக் கடையில் நண்பனிடமிருந்து வாங்கிய தீபாவளி வாழ்த்து நிரலாம் அது. தட்டினால் திரையில் குத்துவிளக்கு எரியும், மத்தாப்பு பூக்கும். அக்கா, "இல்ல அத்தை, வெளி டிஸ்கெட் போட்டா வைரஸ்..." என்று இழுத்தாள்.

"என் வீட்லேர்ந்து வந்தது வெளியா?" என்றார் அத்தை.

 கூடத்தில் யாரோ ஒரு சீனத்து மாமா முறுக்கு கடிப்பது மட்டும் கேட்டது. அப்பா அக்காவைப் பார்த்தார். அம்மா, "அண்ணி ஆசையா கொண்டாந்துருக்காங்க, நல்ல நாளும் அதுவுமா..." என்று பாதியில் நிறுத்தினாள். உறவுக்காரர் ஏந்தி வந்த விளக்கைத் தீபாவளியன்று ஏற்றமாட்டேன் என்று சொல்ல எந்தத் தமிழ் வீட்டால் முடியும்? உலகத்தின் வேறு எந்த மூலையிலும் இந்த வழியாக ஒரு வைரஸ் கணினிக்குள் நுழைந்திருக்க முடியாது. அக்கா சாவியை எடுத்தாள்.

விளக்கு எரிந்தது. ஒத்துக்கொள்ள வேண்டும், அழகாகத்தான் எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தன்னையறியாமல் கும்பிட்டாள். சீனத்து மாமா கட்டைவிரலை உயர்த்தினார். அத்தையின் முகத்தில் இருந்த பெருமையை ஒரு ஊருக்கே பங்கு போட்டிருக்கலாம். போகும்போது இரண்டு முறை காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்கா ஆய்வேட்டைத் திறந்தபோது மண்ணும் இல்லை, சாலையும் இல்லை. பக்கம் பக்கமாகச் சதுரங்களும் கோடுகளும் நின்றன. பதறிப்போய், தனியே எடுத்து வைத்திருந்த டிஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். போடப் போட அவையும் சதுரங்களாயின. கடைசி டிஸ்கெட்டைப் போடுமுன் கையை நிறுத்தியிருக்கலாம். தண்ணீரில் விழுந்தவன் எதைப் பிடிக்கிறோம் என்று பார்த்தா பிடிக்கிறான்? அப்பா ஓடிவந்து பசார் மாலாம் காவல்காரனை எழுப்பினார். அது முழுக் கணினியையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பச்சை நிறத்தில் சரி குறி போட்டது.

அக்கா அழவில்லை. கணினிக்குச் சட்டையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மிஞ்சியது ஒன்றுதான். பேராசிரியர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்த பழைய அச்சுப்படி. அதிலும் கடைசி அத்தியாயம் கிடையாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டச்சு செய்து, கடைசி அத்தியாயத்தையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பது ஒரு ஆளால் ஆகிற வேலையில்லை. அம்மா ஒன்று மட்டும் சொல்லி வைத்தாள்: "அண்ணிக்குத் தெரியவேணாம். செத்துப்போயிருவாங்க." ரகசியத்தைக் காப்பதில் அப்பா அந்தத் திருட்டுத் தட்டுக்குத் தம்பி. அன்று மாலையே தொலைபேசியில் அத்தையிடம், பலகாரம் எல்லாம் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா என்று ஆரம்பித்து, முழுவதையும் சொல்லிவிட்டார். மறுமுனை பட்டென்று வைக்கப்பட்டது.

"போச்சுலா. இனிமே எங்கக்கா இந்த வீட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்கமாட்டா" என்றார் அப்பா.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். ஒரு கையில் அடுக்குப் பாத்திரம், மறு கையில் சேகரனின் காது. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமில்லாதவர். நேராகப் பின்னறைக்குப் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்திரிடி. எதப் பாத்து அடிக்கணும்? குடு, நான் படிக்கிறேன். இவன் அடிக்கட்டும். நீ அந்தக் கடைசிப் பாடத்த எழுது."

"அத்தை, அது மலாய்ல இருக்கு."

"இருந்தா? ஏபிசிடி தான?"

சேகரன்தான் முதலில் உருப்படியாக ஒன்று செய்தான். கணினியைத் துடைத்துக் காலியாக்கி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். அந்தப் பசார் மாலாம் தட்டை அப்பா கண்ணெதிரிலேயே இரண்டாக உடைத்தான். பிறகு வேலை தொடங்கியது. அத்தை தோட்டப் பள்ளியில் படித்த கொஞ்ச மலாயை வைத்துக்கொண்டு, "பெ... மெந்... டா... பான்" என்று ஒவ்வொரு சொல்லையும் மரத்திலிருந்து குலை இறக்குவதுபோல இறக்கினார். சேகரன் இரண்டு விரலால் அடித்தான். அக்கா சாப்பாட்டு மேசையில் கடைசி அத்தியாயத்தைக் கையால் எழுதினாள். சேகரனோடு அவள் பேசவில்லை. ஆனால் இரண்டாம் நாள் அவனுக்கும் சேர்த்து மைலோ கலக்கினாள்.

அந்த நாட்களில் கதவுக்குக் காவலும் அத்தைதான். பக்கத்து வீட்டு மாமா தன் டிஸ்கெட்டோடு, ஒரே ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டும் என்று வந்து நின்றார். "உள்ள பிள்ளைக்குப் பரீட்ச நடக்குது. உக்காருங்க, காப்பி குடிங்க, போங்க" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினார். நான் இதுவரை கண்ட வைரஸ் தடுப்புகளில் அவருக்கு இணையாக ஒன்றில்லை. அவரைப் புதுப்பிக்கச் சொல்லி வாரந்தோறும் செய்தியும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்கு முன்னால் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பின்னால்தான் தெரிந்தது, அத்தை பாடத்தோடு சேர்த்துப் பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியதையும் படித்திருக்கிறார், சேகரன் அதையும் அடித்திருக்கிறான் என்று. இரண்டாம் அத்தியாயத்தின் நடுவே, மண்ணின் ஈரத்தைப் பற்றிய கனமான ஒரு பத்தியில், "ஆயாட் இனி திடாக் ஜெலாஸ்", இந்த வாக்கியம் தெளிவாக இல்லை, என்று ஆய்வேடு தன்னைத்தானே விமர்சித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் அதற்குப் பக்கத்தில் ஒரு சரி குறி மட்டும் போட்டிருந்தார். அக்கா தேறினாள். வேலையும் கிடைத்தது.

அந்தக் கணினி எப்போது போனது என்று நினைவில்லை. டிஸ்கெட் என்ற சொல்லே போய்விட்டது. என் மகளிடம் ஒன்றைக் காட்டினால் எதற்கான மூடி என்று கேட்பாள். அத்தையும் போய்விட்டார். தீபாவளிக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம். வருகிறவர்கள் முதலில் கேட்பது வைஃபை கடவுச்சொல். இப்போதும் வைரஸ் வருகிறது. கொண்டுவந்தவர் யார், எந்த பஸ்ஸில் வந்தார், யார் வயிற்றுப் பிள்ளை என்பதுதான் தெரிவதில்லை. திட்டுவதற்கும் ஆளில்லை, காப்பி கொடுப்பதற்கும் ஆளில்லை.

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெயர் தெரியாத எண். இப்படிப்பட்டதைத் திறக்காதீர்கள் என்று அலுவலகத்தில் படம் போட்டு விளக்குகிறவன் நான். ஆனால் கூப்பிட்டவரை யார் என்று கேட்காத ஊரில் வளர்ந்த விரல் தட்டிவிட்டது. சற்று நேரத்தில் என் பெயரில் அதே பத்திரிகை எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போயிற்று. யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொருவராக அழைத்து, திறக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாகச் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவை அழைத்தேன். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒன்றுக்கு இரண்டு பூட்டுப் போடுகிற ஆள்.

"தொறந்துட்டேனே" என்றாள்.

"என்னக்கா, நீயுமா?"

"நீ அனுப்புனதாச்சேடா."

 மனைவியிடம், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொன்னேன். சனிக்கிழமை காலை, கறி சமைத்து அடுக்குப் பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு, அக்காவின் கைப்பேசியைத் துடைத்துக் கொடுக்கப் பாலத்தைக் கடக்கிற பஸ்ஸில் ஏறினேன்.