அத்தைக்கு எதிராக ஒரு பட்டிமன்றம்

பெண்கள் ராணுவத்தில் சேரலாமா, சேர்ந்தால் எதுவரை போகலாம் என்று தொலைக்காட்சியில் நாலு பேர் கூடிக் கத்தத் தொடங்கினால் நான் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவேன். கருத்து இல்லாமல் அல்ல. இந்தப் பொருளில் ஒன்பது வயதிலேயே மேடையேறிப் பேசி முடித்தவன் நான். 

ராணுவத்தில் பெண்களையும் அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். போபாலில் ஐந்து நாள் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஓட வேண்டும், சுவர் ஏற வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு ரேடியோவுக்கு அடியில் வைத்தார். எங்கள் வீட்டில் ரேடியோவுக்கு அடியில் போன தாள் எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

அப்பா வாரநாட்களில் வங்கி அதிகாரி. விழா நாட்களில் தமிழர் சங்கத்தின் பட்டிமன்ற நடுவர். பொங்கல் விழாவில் சிறுவர் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு கேட்டார்கள். அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையையே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்: பெண்கள் படையில் பணிபுரியலாமா, கூடாதா?

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. என்னதான் சொல்றே அண்ணா?" என்றாள் அத்தை.

"பட்டிமன்றம் முடியட்டும். சொல்றேன்."

"நான் என்ன பட்டிமன்றத் தலைப்பா?"

"நீ தலைப்பாகி ஒரு வாரமாச்சு," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: 'கூடாது' அணி ஜெயித்தால் அத்தை போகமாட்டாள். என்னை அந்த அணியில்தான் போட்டிருந்தார்கள். அத்தை போகக்கூடாது என்பதில் எனக்கு அப்பாவைவிட உறுதி. கொள்கை ஒன்றும் இல்லை. என் கணக்குப் பாடத்தைப் போட்டுத் தருவது அவள். பள்ளி வாசலில் எனக்காக நிற்பதும், என்னை அடித்தவனைத் திருப்பி மிரட்டுவதும் அவள். ஆனால் ஜெயித்துவிட்டால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம்போல் அந்தப் பத்து நாளில் பாதியைக் கழித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பூச்சிமருந்து கொடுத்தாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். மேடைப்பேச்சை வங்காள எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவோம். அப்பாவுக்கு வங்காளம் பேச வரும், எழுத்து தெரியாது. அம்மாவும் அப்படியே. தமிழைக் காதால் வாங்கி வங்காள எழுத்தில் இறக்கத் தெரிந்தவள் வீட்டில் அத்தை ஒருத்திதான். ஆகவே அத்தை ஏன் ராணுவத்துக்குப் போகக்கூடாது என்பதை அப்பா சொல்லச் சொல்ல அத்தையே எழுதினாள்.

அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி முழங்கினார். அத்தை தலை நிமிராமல் எழுதினாள். நடுநடுவே அப்பா காபி குடித்தார், மின்விசிறியைத் திட்டினார், ஜன்னலண்டை நின்று மெதுவாக ஏதோ சொன்னார். பேனா மட்டும் நிற்கவே இல்லை.

"எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன் அண்ணா."

மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. சில வரிகள் எனக்கே விசித்திரமாக இருந்தன.

"இதையும் சொல்லணுமா அத்தை?"

"அண்ணா சொன்னதெல்லாம் சொல்லணும். ஒரு வரி விட்டேன்னு வை, அந்த பெஹாலாக்காரி ஜெயிச்சுடுவா."

பெஹாலாக்காரி என்பது பெஹாலா பேட்டையிலிருந்து வரும் எதிரணியின் இரட்டைச் சடைப் பெண். போன வருஷம் என்னை மேடையிலேயே அழவைத்தவள். நான் ஒரு வரியும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்பா ஒத்திகைப் பக்கமே வரவில்லை. நடுவர் ஒரு கட்சியின் வாதத்தை முன்கூட்டியே கேட்பது முறையல்லவாம். அந்த வாதத்தை அவரே இயற்றியது முறைகேட்டில் சேராது போலும்.

பட்டிமன்றத்தன்று பெஹாலாக்காரி பேசிக் கைதட்டல் வாங்கிப் போனாள். அடுத்து நான்.  மூன்றாம் வரிசையில் அத்தை, மடியில் கைகளை இறுகக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவையோரே! போர்க்களம் என்பது பூக்களம் அன்று! இருபது கிலோ மூட்டையைச் சுமந்து மங்கையர் மலையேற இயலுமா? காபியில ஏன் இவ்வளவு சர்க்கரை?"

மண்டபம் சிரித்தது. பாராட்டு என்று எண்ணி, பழகியபடி வலக்கையை உயர்த்தினேன்.

"ஒரு பெண் ஆணையிட்டால் ஆண் சிப்பாய் அடங்கி நடப்பானா? ஏன், இந்த வீட்டுல நான் நடக்கலையா, அது வேற விஷயம்."

இப்போது அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நடுவர் நாற்காலியில் சிவந்துகொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த வரி மறந்துவிடும்.

"மூட்டை, மலை எல்லாம் சும்மா சொல்றது. இவ ஆறு வயசுல காளிகாட் கோயில் கூட்டத்துல என்னை விட்டுட்டுக் காணாமப் போனா. ஒரு மணி நேரம். வளையல் கடை வாசல்ல நின்னுண்டிருந்தா. அவ அழலை, நான்தான் அழுதேன். அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது. அதை எழுதாதே. நான்காவது காரணம்!"

யாரும் சிரிக்கவில்லை. நான்காவது காரணத்தையும் சொல்லி முடித்தேன். பெஹாலாக்காரிகூட வாயைத் திறந்தபடி இருந்தாள்.

அப்பா எழுந்தார். தண்ணீர் குடித்தார். வழக்கமாக இரு தரப்பையும் அரைமணி நேரம் தடவிக்கொடுத்துத்தான் தீர்ப்புக்கு வருவார். அன்று, "இந்த வழக்கில் நடுவரும் ஒரு கட்சிக்காரர் என்பது தெரிந்துவிட்டது. தீர்ப்பை வேறு யாராவது சொல்லுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

டாக்ஸியில் வீடு திரும்பினோம்.

"சர்க்கரை அவரே போட்டுண்டது," என்றாள் அம்மா, பொதுவாக, ஜன்னலைப் பார்த்து.

"வேகமாச் சொன்னே அண்ணா. வேகமா எழுதிட்டேன்," என்றாள் அத்தை. இன்றுவரை அவள் வாக்குமூலம் இதுதான்.

மறுநாள் மாலை அப்பா வங்கியிலிருந்து தாமதமாக வந்தார். ரேடியோவைத் தூக்கிக் கடிதத்தை எடுத்து, அதன்மேல் போபாலுக்கு ஒரு ரயில் டிக்கெட்டை வைத்து அத்தையிடம் நீட்டினார்.

"ஓடற ஷூ இருக்கா?"

"கான்வாஸ் இருக்கு."

"அது கிழிஞ்சிருக்கு. நாளைக்கு வேற வாங்கலாம்."

எனக்கு உலகம் இருண்டது. ஒரு வரியும் விடாமல் பேசியிருக்கிறேன், அத்தையை அனுப்புகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? ஹௌரா ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை இன்னும் நன்னாப் பேசறேன் அத்தை, போகாதே," என்று கதறினேன். அத்தை என் தலையில் கை வைத்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு எங்கோ, பெட்டியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் துணிந்து கேட்டுவிட்டேன்.

"நான் பேசினதாலதான் அத்தையை அனுப்பிட்டேளா?"

"ஆமாண்டா. நீ பேசினதாலதான்."

சந்தேகம் தீர்ந்தது. இது தண்டனையேதான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு?"

அப்பா வெகுநேரம் பாலத்துக்குக் கீழே கங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையே," என்றார்.

நான் செய்த குற்றம் அவ்வளவு பெரியது, அதனால்தான் கணக்குப் போட அவருக்கு நேரம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.