பழனிக்குப் போகாத மொட்டை

எனக்கு வழுக்கை விழுந்ததில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் ஊர் அதை விடவில்லை. முப்பதைத் தாண்டிய கையோடு நெற்றி மேலே ஏற ஆரம்பித்து, இரண்டு மூன்று மாம்பழ சீசனுக்குள் உச்சி வரைக்கும் போய்விட்டது. "வெயில்ல திரியறவனுக்கு முடி எங்க நிக்கும்?" என்று அம்மா சமாதானம் சொல்வாள். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான முதலமடையில் வெயிலில் திரியாதவன் எவன்? எங்கள் மாந்தோப்பில் மருந்து அடிக்க வருகிற ஆட்கள் எல்லோருக்கும் சீப்பு ஒடிகிற மாதிரி முடி.

எங்கள் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறவனுக்குப் பெண் கிடைப்பது ஏற்கெனவே குதிரைக்கொம்பு. அதோடு வழுக்கையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் அம்மாவும் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் மாமா காப்பியை என் கையில் கொடுத்துக்கொண்டே, "மாப்பளை வரலீங்களா? உங்க தம்பியையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே" என்றார். எனக்குத் தம்பி கிடையாது. "இவந்தானுங்க மாப்பளை" என்று அம்மா சொன்னாள். அந்தக் காப்பியை நான் முழுக்கக் குடித்தேன். கோபத்தில் குடித்தேன். முடி நட்டுக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அப்பாவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. பூ உதிர்ந்து காய் பிடித்த பிறகும் "பூவுக்கு மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்பார். சொந்தக்காரர்கள், பங்காளிகள், கூடவே வியாபாரம் செய்தவர்கள் எல்லோருடைய முகமும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. தங்கியிருந்தவை இரண்டு முகங்கள்தான், அம்மாவுடையதும் என்னுடையதும். அவையும் ஒருநாள் போகும் என்று பாலக்காட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. தினமும் காலையில் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் போய் நிற்பாள்.

"நான் ஆருங்க?"

"எம்பொண்டாட்டி. ஏம்புள்ள, இதுகூடவா தெரியாது எனக்கு?"

அதைக் கேட்ட பிறகுதான் அடுப்படிக்குப் போவாள். அவளுக்கு வேறு சாமி, பூசை ஒன்றும் அந்த நாட்களில் இல்லை. "ஆரை மறந்தாலும் என்னை மறக்காம போயிச் சேந்தாப் போதுஞ்சாமி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்பாவிடம் தனக்கென்று எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டது இது ஒன்றைத்தான்.

பாலக்காட்டில் முடி நட்டால் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைப்பான் என்று கோயம்புத்தூர் போனேன். விவசாயி என்று தெரிந்ததும் அந்த டாக்டர் நாற்று, நாற்றங்கால் என்று ஆரம்பித்தார். எங்கள் தோப்பு நெல்லைக் கண்டதே இல்லை. ஆனாலும் தலையாட்டினேன். முறை இரண்டு இருக்கிறது என்றார். ஒன்றில், பின்மண்டையில் ஒரு பட்டைத் தோலைக் கீறி எடுத்துத் தையல் போட்டுவிடுவார்கள். அந்தத் தோலிலிருந்து வேரோடு முடியைப் பிரித்து முன்னால் நடுவார்கள். தலையை மழிக்க வேண்டியதில்லை. பின்னால் இருக்கிற முடி தையலை மூடிக்கொள்ளும். ஆனால் கோடு மாதிரி ஒரு தழும்பு கடைசி வரைக்கும் இருக்கும். இன்னொன்றில் தோலைக் கீறுவதில்லை. ஒவ்வொரு வேராகத் துளைத்து எடுத்து நடுவார்கள். புள்ளி புள்ளியாக ஆறிப்போகும், பிறகு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குத் தலை முழுக்க மொட்டை அடிக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுலயும் முடி வரும்" என்றார்.

நான் யோசித்தது முடியைப் பற்றி அல்ல. தழும்பைப் பற்றி யோசித்தேன். பின்மண்டையில் இருக்கிற தழும்பை நான் பார்க்க முடியாது, ஆனால் முடி வெட்டுகிறவர் பார்ப்பார். எங்கள் ஊர் சலூனில் அவர் பார்த்தால் ஊரே பார்த்தாயிற்று. நாளைக்குக் கல்யாணமாகி, பெண்டாட்டி கை பட்டு, "இதென்ன கோடு?" என்று கேட்டால் என்ன சொல்வது? மொட்டை அப்படி அல்ல. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை மொட்டையோடு வந்தால் பழனி என்று நினைப்பார்கள். ஏன் என்று கேட்கிறவனும் அடுத்த மாதம் பழனிக்குப் போகிறவன்தான். மறைப்பதற்கு மொட்டையைவிட நல்ல போர்வை கிடையாது என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இரண்டாவது முறைக்குச் சரி என்றேன்.

அம்மாவிடம், அப்பாவுக்கு ஞாபகம் திரும்ப வேண்டும் என்று பழனிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பாவைத் தனியே விட முடியாதென்று கூட வரவில்லை. போகும்போது முடிந்து வைத்திருந்த காணிக்கையை என் சட்டைப் பையில் வைத்தாள்.

கோயம்புத்தூரில் நட்ட பிறகு, வீக்கம் வடிகிற வரைக்கும் லாட்ஜிலேயே கிடந்தேன். பழனியில் கூட்டம், தங்க வேண்டியதாகிவிட்டது என்று போனில் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. தலை மொட்டை, மீசை மட்டும் அப்படியே. எங்கள் வீட்டில் பழனி மொட்டை என்றால் மீசையும் சேர்த்துத்தான். வேஷம் போட்டால் முழுசாகப் போட வேண்டும் என்று நானே மீசையையும் வழித்தேன். டாக்டர் மீசையை எடுக்கச் சொல்லவே இல்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். வேர்த்துக் கொட்டவே தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினேன். முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பிறகு மேலுதட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பச் சாமி?" என்றார்.

"என்னதுங்கப்பா?"

"உங்கம்மா எப்பப் போனா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பக்கத்தில் மகன் தலையும் மீசையும் மழித்து நிற்பதை இரண்டு இடத்தில்தான் பார்க்கலாம். ஒன்று பழனி, இன்னொன்று சுடுகாடு. பழனிக்குப் போவதாக அவரிடமும் சொல்லித்தான் கிளம்பினேன். அதெல்லாம் அவருக்கு எங்கே தங்கும்? தான் உயிரோடு இருக்கிறார், மகன் மழித்துக்கொண்டு நிற்கிறான், அப்படியென்றால் போனது யார்? கணக்குச் சரிதான். அவர் புத்தி கடைசியாகப் போட்ட சரியான கணக்கு அதுதான்.

"என்னைய ஏண்டா எழுப்பல? மூஞ்சியக்கூடக் காட்டாம எடுத்துட்டீங்களே" என்று அழுதார். அப்பா அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏனுங்க, என்னாச்சுங்க? இங்க பாருங்க, நான் இருக்கறனுங்க" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, "வாங்க. நீங்க எந்தூருங்க? எழவுக்கு வந்தீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா, நான் வாங்கி வந்த பஞ்சாமிர்தத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துளி அப்பாவின் வாயில் வைத்தாள். அது பழனியில் வாங்கியதல்ல என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்?

மறுநாள் மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். மறந்தார். ஆனால் அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட நான்தான் போக வேண்டும்; அம்மாவால் தனியாக முடியாது. என்னைப் பார்த்ததும் அவருக்குப் புதிதாக ஒரு சாவு. மறுபடியும் "எப்பச் சாமி?" மறுபடியும் அழுகை. தொப்பி போட்டுக்கொண்டு போனால் மேலுதடு காட்டிக்கொடுத்தது. வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு போனேன், யாரோ என்று பயந்து கத்தினார். சாவு வீட்டில் அடுப்பு எரியலாமா என்று சாப்பாட்டைத் தள்ளினார். அம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்காருவாள். அவர் பார்ப்பார், தலையை ஆட்டுவார்.

"நீங்க எங்கூட்டுக்காரியாட்டவே இருக்கறீங்க" என்று ஒருநாள் சொன்னார். "அவளும் இப்படித்தானுங்க பொட்டு வைப்பா."

அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மீசை வளர்ந்தது. தலையிலும் சுற்றிவரக் கொஞ்சம் முளைத்தது. நட்ட முடி மட்டும், டாக்டர் சொன்ன மாதிரியே, முதலில் மொத்தமும் உதிர்ந்தது. வேர் உள்ளே இருக்கும், சில மாதத்தில் வரும் என்றார்கள். என் தலை பழையபடி வழுக்கையானபோது, எல்லாம் சரியாகிவிடும், அப்பாவுக்குப் பழைய மகன் தெரிவான் என்று ஒரு நப்பாசை. தெரிந்தான். என்னைப் பார்த்து அழுவது நின்றது. ஆனால் அம்மா திரும்பி வரவில்லை. எதையும் பிடித்து வைக்காத அந்தப் புத்தி, பெண்டாட்டி செத்துப்போனதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காலையில் அம்மா போய் "நான் ஆருங்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமலே சோறு ஊட்டினாள், மலம் அள்ளினாள், காலைப் பிடித்துவிட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார்.

தோப்பில் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, சளி கட்டி, அப்பா போனார். கடைசியாக அம்மாவிடம் அவர் சொன்னது, "வெயிலுக்கு முன்ன பொறப்படுங்க, உங்கூட்டுல தேடுவாங்க" என்பதுதான். சுடுகாட்டில் எனக்கு மறுபடியும் தலையும் மீசையும் எடுத்தார்கள். அப்போதுதான் நட்ட முடி பூனைமயிர் மாதிரி எட்டிப் பார்த்திருந்தது. கத்தி அதையும் கொண்டுபோயிற்று. பாவி மகனுக்கு அப்பனுக்காக ஒரு பிடி மயிர்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டு கொள்ளி வைத்தேன்.

முடி பிறகு வந்தது. நன்றாகவே வந்தது. வருஷ திதி முடிந்ததும் தரகர் போட்டோ கேட்டார். எடுத்து வந்ததை அம்மாவிடம் காட்டினேன். அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், கோயம்புத்தூரையும் பொள்ளாச்சிப் பஞ்சாமிர்தத்தையும்.

போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு, "பின்னால தோலைக் கீறி எடுக்கறதும் உண்டுன்னு சொன்னயில்ல, அதுக்கு மொட்டை போட வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாங்கம்மா."

போட்டோவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அதைச் செஞ்சிருந்தீன்னா உங்கப்பா என்னைய உசுரோட உட்டுட்டுப் போயிருப்பாரு."