அடுப்பு மூட்டாத ஞாயிறு

மான்டெர்ரே நகரத்தின் கிழக்கு ஓரத்தில், உருக்காலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் நெரேய்தா தோர்த்தியா என்கிற கோதுமை ரொட்டி சுட்டு விற்கிறாள். ஞாயிறுதான் அவளுக்கு வியாபாரம். அன்றைக்கு மாடியில் கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுடாத வீடு என்றால், அந்த வீட்டில் இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் அவளிடம்தான் தோர்த்தியா வாங்குவார்கள். அப்படிப்பட்டவளே அடுப்பை அணைக்கச் சொல்லி வீடு வீடாகக் கிளம்பினாள் என்றால், விஷயம் முற்றிவிட்டது என்றுதானே பொருள்?

அவள் மகன் சவூலுக்கு மூச்சிழுப்பு. நகராட்சியின் காற்று மாசு வரைபடத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு விடுவார்கள். அரசாங்கத்தின் மாசுமானியோ மலைக்கு அந்தப் பக்கம், பெரிய வீடுகளுக்கு நடுவில் சொகுசாக இருக்கிறது. அது என்றைக்குச் சிவப்பு காட்டியது? இங்கே மலையே தெரியாத நாட்களில்கூடப் பச்சைதான். ஒருநாள் சவூல் உதடு நீலம் பாரித்து வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் நெரேய்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சுத்தமான காற்றுக்காக ஓடியாடுகிற ஒரு சங்கத்தில் கெஞ்சிக் கூத்தாடி, தெருவின் மாசை அளந்து அதே வரைபடத்தில் காட்டுகிற ஒரு மீட்டர் வாங்கி வந்தாள்.

வாங்கியவள் அதை எங்கே மாட்டினாள் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் ரமீரோவின் மாடியில், அவருடைய கரி அடுப்புக்கு நேர் மேலே. அங்கேதான் நிழல் இருந்தது, வைஃபை எட்டியது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். கரி அடுப்பை நாங்கள் யாரும் புகையாகப் பார்ப்பதில்லை. அது வீட்டில் ஓர் ஆள்.

நகராட்சியிலிருந்து வந்த இன்ஜினியர் மீட்டரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சிரித்தார்.

"இது காத்தை அளக்கலம்மா. கறி வெந்துடுச்சான்னு அளக்குது."

வரைபடத்தில் எங்கள் தெருப் புள்ளி சாம்பல் நிறமானது. நம்ப முடியாத தகவல் என்று பெயர். நெரேய்தா தலையில் அடித்துக்கொண்டு மீட்டரைத் தன் வீட்டுக் கூரைக்கு மாற்றினாள். இன்ஜினியர் மசியவில்லை.

"தெருவே அடுப்பு மூட்டுதேம்மா. ஒரு ஞாயித்துக்கிழமை மொத்தமா அணைச்சுட்டுக் காட்டுங்க, பாப்போம்."

அவர் அதை நக்கலாகத்தான் சொன்னார். அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறோ ஊரின் இரண்டு கால்பந்து அணிகளும் மோதுகிற நாள். பந்தும் கறியும் இல்லாமல் அந்த நாள் எங்களுக்கு விடியாது. முதலில் தோன் ரமீரோவிடம் போனாள். அவர் சவூலின் ஞானத்தகப்பன். அதனால் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள்.

"கொமாத்ரே, மேட்ச் அன்னிக்கா? அதுக்குப் பதிலா என்னைச் சாமியாராப் போகச் சொல்லேன்."

"போங்க, நல்லதுதான். இமெல்தா அக்காவாவது நிம்மதியா மூச்சு விடும்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மனைவி இமெல்தாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவள். கிழவனின் அடுப்புப் புகைதான் அவளைத் தின்கிறது என்று தெருவே பேசும். அவர் காதுபடவே பேசும். மனிதர் சிரித்து மழுப்புவாரே தவிர, மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை.

"சரி. அணைக்கிறேன். மத்தவங்களையும் நானே பாத்துக்கறேன்."

பார்த்தும் கொண்டார். ஞாயிறு மதியம் கைத்தடியோடு தெருவின் இரு முனைக்கும் நடந்து, எவன் மாடியில் கரி மூட்டை பிரிகிறது என்று காவல் காத்தார். கடையில் வாங்கிய ஹாம் சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டு எங்கள் தெரு மேட்ச் பார்த்தது. அதைவிடக் கேவலம் எங்களுக்கு நேர்ந்ததில்லை. நெரேய்தாவின் தோர்த்தியா ஒன்றுகூடப் போகவில்லை.

சாயங்காலம் காற்று நின்றது. மலை மங்கி, பிறகு காணாமல் போனது. நெரேய்தாவின் போனில் மீட்டரின் எண் ஏறியது. ஆரஞ்சு, சிவப்பு, அதையும் தாண்டி ஊதா. மாடிகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒரு அடுப்பிலும் நெருப்பில்லை. உருக்காலைப் பக்கமிருந்து தொண்டையைக் கரிக்கிற வாடை மட்டும் வந்தது. கோல் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நெரேய்தா துள்ளியிருக்க வேண்டும். அவளோ சவூலை வீட்டுக்குள் போகச் சொல்லி விரட்டினாள்.

தோன் ரமீரோ போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இமெல்தாவைக் கெடுத்தது நான் இல்ல."

"இல்ல, கொம்பாத்ரே. நீங்க இல்ல."

அவர் அழுதார். அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதார்.

இரண்டு நாளில் புள்ளிக்கு நிறம் திரும்பியது. இன்ஜினியர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நிறத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இப்போது எங்கள் புள்ளி சிவந்தால் பள்ளிக்கூடம் மைதானத்தைப் பூட்டுகிறது. பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. சவூல் ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் மைதானத்தைப் பார்க்கிறான். உருக்காலை தன் பாட்டுக்கு ஓடுகிறது.

அடுத்த ஞாயிறு நெரேய்தா தோர்த்தியாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடியேறினாள். தோன் ரமீரோ மூட்டாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஏன் பட்டினி? பத்த வைங்க, உங்க மேல தப்பில்லன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

"அதான் கொமாத்ரே கஷ்டமா இருக்கு. இத்தனை நாள் என் அடுப்புதான்னு நெனச்சேன். என்னிக்காவது அணைச்சுட்டா இவ பொழைச்சுக்குவான்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு." அவர் மாடி அறைக்கு உள்ளே, நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிற மனைவியைப் பார்த்தார். "இப்ப நான் எதைப் போய் அணைக்கறது?"