வேப்பமரத்தடிக்கு அடித்த மணி

போன வாரம் விருதுநகர் பழைய இரும்புக் கடையில் ஒரு மைக்ரோபிராசசர் கிட் கிடைத்தது. ஒரே பலகையில் முழுக் கம்ப்யூட்டர்; சிவப்பு எழுத்து எரியும் சின்னத் திரை, கால்குலேட்டர் மாதிரி பொத்தான்கள். வீட்டில் ஏற்கெனவே இந்த மாதிரிச் சாமான் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. "இதுக்கும் சோறு போடணுமா?" என்றாள் மனைவி. நான் சால்ட்ரிங் அயர்னைச் சூடு பண்ணினேன். ஈயம் உருகி ரோசின் புகை மூக்கில் ஏறியதும் மாரியப்பன் நினைவுக்கு வந்துவிட்டான்.

அந்தக் காலத்தில் பாலிடெக்னிக் லேபில் இந்தக் கிட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. மாணவர்கள் எரிப்பார்கள், நாங்கள் உயிர் கொடுப்போம். நான் இரண்டு எரித்தால் ஒன்றைப் பிழைக்க வைப்பேன். மாரியப்பனுக்குக் கை நிதானம். அவன் மனைவி பேச்சி, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலில் எங்காவது தூரத்தில் 'டம்' என்று கேட்டால் அவன் கை அப்படியே நின்றுவிடும். யாராவது வந்து வேறு ஊர் என்று சொல்லும்வரை நிற்கும்.

கழித்துப்போட்ட கிட் ஒன்றை அவன் கேட்டு வாங்கினான். சூட்டை அளக்கும் ஒரு கார்டு, மணியடிக்க ரிலே கார்டு, இரண்டையும் பட்டை வயரில் அதோடு கோத்தோம். சூடு அளவுக்கு மேல் போனால் மணி அடிக்கும், பெண்கள் வெளியே வந்துவிடலாம். பெருமையாகக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஃபோர்மேன் வாசலிலேயே மறித்தார். "தம்பி, மருந்து ரூமுக்குள்ள கரண்டா? வெளங்கிரும்."

பேச்சி சிரித்துவிட்டாள். "பொறி பறந்துரும்னு கம்மலக்கூட கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போறோம். நீங்க வயரக் கொண்டாந்துட்டீகளே!"

மாரியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கும்தான். இவ்வளவு நாள் வேலை பார்த்தும் இது ஒன்று தோன்றவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "கேட்டுகிட்ட இருக்க ஆபீஸ் ரூம்ல வைங்க. வெளி வெயில அளந்தாப் போதும்ல?"

வைத்தோம். மதியச் சூடு ஏறினதும் மணி அடிக்கும். பெண்கள் வேப்பமரத்தடிக்கு வந்து உட்காருவார்கள். சீசன் ஆர்டர் கெடுகிறதென்று முதலாளி முனகினார். ஆனாலும் நிறுத்தவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் மணி ஊமையாகிவிட்டது. புரோகிராம் எழுதிய சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் எழுதினது அழிந்துபோகும். ஜன்னலை மூட நாங்கள் ஒட்டியிருந்தது ஒரு மத்தாப்புப் பெட்டி லேபிள். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தது. பலகையை லேபுக்குக் கொண்டுவந்தோம்.

அன்று மதியம் 'டம்' சத்தம் பக்கத்தில் கேட்டது. மாரியப்பன் செருப்புகூடப் போடாமல் என் சைக்கிளின் பின்னால் ஏறினான். வழியெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவர்கள் கம்பெனிதான். செலுத்து ரூம் ஒன்று தரைமட்டம். பெண்கள் எல்லாரும் மரத்தடியில் ஒருத்தியை ஒருத்தி பிடித்தபடி நின்றிருந்தார்கள். பேச்சியின் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"மணிதான் இல்லையே, எப்படி வந்தே?" என்றான்.

"தெனமும் இந்நேரத்துக்கு வெளிய வந்து பழகிப்போச்சு. 'எந்திரிங்கடி'ன்னேன். ஃபோர்மேன் சத்தம் போட்டாரு. போடட்டும்னு வந்து உக்காந்தோம். தண்ணிகூடக் குடிச்சு முடிக்கல, வெடிச்சிருச்சு."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். "எங்க வச்சு அழறீக, எல்லாரும் பாக்காக" என்று அதட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

இப்போது அந்த லேபும் இல்லை, நாங்கள் சிப் வாங்கிய கடையும் இல்லை. அங்கே செல்போன் கவர் தொங்குகிறது. மாரியப்பன் கண்ணுக்கு சால்ட்ரிங் முனை தெரிவதில்லை. கம்பெனியை மூடி, இடத்தை பிளாட் போட்டு, கலர் கல் நட்டிருக்கிறார்கள். சாத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பேச்சியிடம் அதைச் சொன்னேன்.

"பாத்தேண்ணே," என்றாள். "மரத்தையும் வெட்டிப்புட்டாக. அங்கன ஒதுங்க ஒரு நெழலு இல்ல."